போன்ஹாமா, எல்வினா, ஸ்டபிள்ஃபீல்டா? டிரம்ஸ் நம்மைப் பிடித்துக்கொண்ட கதைகள்

யார் பெரிய டிரம்மர் என்று பட்டியல் போட்டுப் போட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஒருவர் பட்டி ரிச் என்பார், இன்னொருவர் நீல் பியர்ட் என்பார், நடுவில் ஒருவர் கீத் மூனைக் கொண்டுவருவார். கடைசியில் யார் கை வேகம் என்பதில் போய் நிற்கும். இந்த முறை பட்டியல் வேண்டாம். ஒரு டிரம்மரை முதன்முதலாகக் காதில் வாங்கிய நாள் எப்படி இருந்தது, அதன்பிறகு உங்கள் வாசிப்போ கேட்பதோ எப்படி மாறியது என்று எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

நான் திருச்சி. பதினைந்து வயதில் எங்கள் தேவாலயத்தில் டிரம்ஸ் வாசிக்க உட்கார்ந்தேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒருநாள் ஒரு கேசட்டைக் கையில் திணித்து, "வீட்டுக்குப் போய்க் கேளுடா, வந்து பேசுவோம்" என்றார். லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் நான்காவது ஆல்பம். அதன் கடைசிப் பாட்டு, 'வென் த லெவி பிரேக்ஸ்'. பாட ஆரம்பிக்கும் முன்பே டிரம்ஸ் தனியாக வருகிறது. மெதுவான நடை. ஒவ்வொரு அடியும் கிணற்றுக்குள் பாறாங்கல் விழுவது போல. பேட்டரி தீர்ந்து டேப் இழுக்கத் தொடங்கும்வரை அந்தத் தொடக்கத்தை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டேன்.

மறுநாள் அதையே வாசித்துப் பார்த்தேன். தகர டப்பாவைத் தட்டியது போல இருந்தது. பலம் போதவில்லை என்று நினைத்து ஓங்கி அடித்தேன். இரண்டு வாரத்தில் ஸ்னேர் என்கிற நடு டிரம்மின் தோல் கிழிந்தது. அதுவும் கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருக்கும்போது.

அந்தச் சத்தம் எப்படி வந்தது என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பக்கம் ஹெட்லி கிரேஞ்ச் என்று ஒரு பழைய கட்டடம், 1795-ல் ஏழைகள் விடுதியாகக் கட்டியது. அதன் முன்கூடத்தில் குழுவின் டிரம்மர் ஜான் போன்ஹாமை உட்காரவைத்து, ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மாடிப்படியின் மேலிருந்து இரண்டே இரண்டு மைக்கைத் தொங்கவிட்டார். காலால் அடிக்கும் பேஸ் டிரம்முக்கென்று தனி மைக் கிடையாது. நாம் கேட்பதில் பாதி அந்த மாடிப்படிக் கூண்டுதான்.

அதற்குள் நான் மெல்லிசைக் குழுவில் சேர்ந்திருந்தேன். ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து, பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்த நேரம். மண்டபத்தில் மூன்று திருப்பம் உள்ள மொசைக் படிக்கட்டு. சவுண்டு சர்வீஸ் தம்பியைக் கெஞ்சி, இரண்டாவது மாடிக் கைப்பிடியில் வயரைச் சுற்றி இரண்டு மைக்கைத் தொங்கவிட்டோம். டிரம்ஸ் கிட்டைக் கீழே இறக்கிவைத்து ஓங்கி அடித்தேன். ஒரே இரைச்சல். அந்தத் தம்பிதான் ஹெட்போனைக் கழற்றாமல், "அண்ணே, பாதி பலத்துல அடிங்க. அடிச்சுட்டுக் கொஞ்சம் விடுங்க" என்றான். விட்டேன். ஒரு அடி மேலே ஏறிப் போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்து அடங்கிய பிறகு அடுத்த அடி. கேசட்டில் கேட்ட அந்தக் கிணறு ஹெட்போனுக்குள் வந்துவிட்டது. சமையல்காரர்கள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

போன்ஹாம் என்றால் முரட்டு அடி என்று சொல்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். அந்த மனிதர் அடிகளுக்கு நடுவிலிருந்த இடைவெளியை வாசித்தார். அதே போன்ஹாம்தான் 1969-ல் வந்த முதல் ஆல்பத்தில், 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்' பாட்டில், ஒற்றைப் பெடலில் மூன்று மூன்றாக வரும் அந்த வேகமான மும்மை அடிகளைப் போட்டவர். 1980 செப்டம்பரில் இறந்தபோது அவருக்கு வயது 32. வேறொருவரை உட்காரவைத்துத் தொடர மாட்டோம் என்று குழுவையே கலைத்துவிட்டார்கள். என் ஓட்டு அவருக்குத்தான்.

*

அண்ணா, நீங்கள் சொன்ன இடைவெளியை நாங்கள் கார்வை என்போம். நான் மயிலாப்பூரில் மிருதங்கம் கற்றவள், இப்போது நியூஜெர்சியில் வேலை. ஜாஸ் எனக்குச் சுத்தமாகப் புரியாத சங்கீதமாகத்தான் இருந்தது. ஒரு குளிர்காலத்தில் அலுவலகத் தோழி காரில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' போட்டாள். மூன்றாவது பகுதி, 'பர்சூவன்ஸ்', டிரம்ஸ் தனியோடு தொடங்குகிறது. வாசிப்பவர் எல்வின் ஜோன்ஸ். பழக்கதோஷத்தில் தொடையில் தாளம் போட்டேன். சமம், அதாவது தாளச் சுற்று தொடங்கும் இடம், எங்கே என்று பிடிக்க முடியவில்லை. பதினைந்து வருடம் தாளம் போட்ட கை நின்றுவிட்டது. அன்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மெதுவாகக் கேட்டேன். அடியில் ஓடுவது மும்மை. நம் காதுக்கு தகிட, தகிட. ஆனால் 'த' வலது கை சிம்பலில், 'கி' இடது கை ஸ்னேரில், 'ட' காலில் என்று உடம்பெங்கும் பிரித்துப் போட்டிருக்கிறார். அடுத்த சுற்றில் அதையே மாற்றிப் போடுகிறார். நான்கு பேர் திஸ்ரம் என்ற அந்த மூன்றெண்ணிக்கையைப் பங்கு போட்டுக்கொண்டு வாசிப்பது போல இருந்தது.

ஊருக்குப் போனபோது குருவிடம் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார். "நீ ஏன் சமத்தைத் தேடறே? அது அவர்கிட்ட பத்திரமா இருக்கு. நீ சாக்ஸபோனைக் கேளு, அவர் எங்க தாங்கறார்னு தெரியும்" என்றார். அப்படிக் கேட்ட பிறகுதான் எல்வின் எனக்குத் திறந்தார். அவர் வாசித்தது தனி ஆவர்த்தனம், தாளக்காரர் மட்டும் தனியாக வாசிப்பது, என்று நினைத்திருந்தேன். அது பக்கவாத்தியம். கோல்ட்ரேன் மூச்சு விடும் இடங்களில் அலை எழும்பும், அவர் ஏறும்போது அடியில் விரிந்து நிற்கும்.

அந்த ஆல்பம் 1964 டிசம்பர் 9-ஆம் தேதி, எங்கிள்வுட் கிளிஃப்ஸில் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில் பதிவானது. அந்த ஊர் என் வீட்டிலிருந்து அரை மணி நேரம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் காரில் 'பர்சூவன்ஸ்' தானாகவே போட்டுவிடுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1958-ல் டேவ் புரூபெக்கின் ஜாஸ் குழு மெட்ராஸ் வந்தபோது, டிரம்மர் ஜோ மொரெல்லோ மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்திருக்கிறார். அந்தப் பயணத்துக்குப் பின் வந்த ஆல்பத்தில் 'கல்கத்தா புளூஸ்' கேளுங்கள், மொரெல்லோ குச்சியை வைத்துவிட்டு விரலால் வாசித்திருப்பார். மறு வருடம் அவர் வாசித்த 'டேக் ஃபைவ்' ஐந்தெண்ணிக்கையை உலகமே முணுமுணுத்தது. நமக்குக் கண்டம் என்ற அந்த ஐந்து புதிதில்லை. ஆனால் அந்த ஐந்துக்குள் அவர் விடும் இடங்களைக் கேட்கும்போது எனக்கு இப்போதும் பிள்ளைவாள் ஞாபகம்தான்.

*

சுருக்கமாக ஒன்று. பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரை யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். நான் இடது கைக்காரன். சின்ன வயதில் பாட்டி அடித்து அடித்து வலது கையால் எழுத வைத்தார். ரிங்கோவுக்கும் அவருடைய பாட்டி அதையேதான் செய்திருக்கிறார். பிறவியில் இடது கைக்காரர், உட்கார்ந்ததோ வலது கைக்காரர்களுக்கு அடுக்கிய கிட்டில். அதனால் ஸ்னேரிலிருந்து டாம் என்கிற மற்ற டிரம்களுக்குப் போகும் ஃபில்கள், அதாவது இடையில் போடும் நிரப்பு அடிகள், மற்றவர்களுக்கு வருவது போல அவருக்கு வராது. ஒரு அரை நொடித் தயக்கம், பிறகு எதிர்பாராத பக்கமிருந்து கை வரும். 'கம் டுகெதர்' தொடக்கத்தை வலது கை நண்பர்கள் ஐந்து பேரை வாசிக்கச் சொல்லிப் பார்த்தேன். தாளம் தப்பாது, ஆனால் அந்த உருளல் யாருக்கும் வரவில்லை. எனக்கு முதல் முறையே வந்தது. அன்றைக்கு என் கையைப் பற்றி எனக்கு இருந்த கூச்சம் போய்விட்டது.

1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியின் எட் சலிவன் நிகழ்ச்சியில் அவரைப் பார்த்தவர்கள் 7 கோடியே 30 லட்சம் பேர். அதைப் பார்த்துவிட்டுக் குச்சி வாங்கியவர்களிடமிருந்துதான் அடுத்த தலைமுறையே வந்தது. தாக்கம் என்றால் அது.

*

தாக்கம் என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நான் சென்னையில் இசை புரோகிராமிங் செய்கிறவன். தொண்ணூறுகளின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தபோது ஸ்டூடியோவில் லூப் சிடிக்கள், திருப்பித் திருப்பி ஓடவிடும் சின்னத் தாளத் துண்டுகள், அடுக்கடுக்காக இருக்கும். அதில் ஒரு டிரம்ஸ் லூப்பை நான் எத்தனை பாட்டுக்குப் போட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஹை-ஹாட் என்கிற ஜோடி சிம்பல் பதினாறாக ஓடும், ஸ்னேரில் பெரிய அடிகளுக்கு நடுவே காதோடு பேசுவது போலச் சின்னச் சின்ன அடிகள். சிடியில் ஒரு எண் மட்டும் இருந்தது, பெயர் இல்லை.

பத்து வருடம் கழித்து ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' முழுப் பாட்டையும் கேட்டேன். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் மற்ற வாத்தியங்களை நிறுத்தச் சொல்கிறார், டிரம்மர் மட்டும் தொடர்கிறார். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். நான் தினமும் தொட்டுக்கொண்டிருந்த கை அது. கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட், 1969 நவம்பரில் சின்சினாட்டியில் வாசித்தது.

டென்னசியின் சாட்டனூகாவில் தொழிற்சாலைச் சத்தத்தையும் ரயில் சத்தத்தையும் கேட்டு, யாரிடமும் பயிலாமல் கற்றுக்கொண்டவர். ஹிப்-ஹாப்பில் பப்ளிக் எனிமியிலிருந்து எல்எல் கூல் ஜே வரை எத்தனையோ பேர் அந்தச் சில நொடிகளை எடுத்துப் பாட்டு செய்தார்கள். பாடல் உரிமை ஜேம்ஸ் பிரவுன் பெயரில் இருந்ததால் வாசித்தவருக்கு அதிலிருந்து பங்கு வரவில்லை. சிறுநீரக நோயோடு பல வருடம் போராடி 2017-ல் இறந்தார். 'ஆமென் பிரதர்' பாட்டில் ஏழு நொடி தனியாக வாசித்த கிரிகரி கோல்மனின் கதை இன்னும் கொடுமை. ஒரு நடன இசை வகையே அந்த ஏழு நொடியில் நிற்கிறது, அவரோ 2006-ல் அட்லாண்டாவில் வீடில்லாமல் செத்துப்போனார்.

இப்போதெல்லாம் என் ஃபைல்களில் லூப்பின் பெயருக்குப் பக்கத்தில் வாசித்தவர் பெயரைத் தேடி எழுதிவைக்கிறேன். நேரடியாக டிரம்மரை அழைத்து வாசிக்கவைக்க முடிந்தால் அதற்காகத் தயாரிப்பாளரிடம் சண்டை போடுகிறேன். பெரும்பாலும் தோற்கிறேன். உலகம் அதிகம் கேட்ட டிரம்மர் யார் என்று என்னைக் கேட்டால் கிளைட்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

*

நான் வாசிக்கிறவன் இல்லை, கோவையில் இருந்து கேட்கிறவன் மட்டும். ராக், ஜாஸ் என்று தனித்தனியாகப் பிரித்துப் பேசுவது எனக்கு ஒப்புதல் இல்லை. டிரம்மர் டோனி வில்லியம்ஸை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? 17 வயதில் மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் குழுவில் உட்கார்ந்தவர். 1964 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் கச்சேரியில் அவருக்கு 18, 'ஃபோர் அண்ட் மோர்' ஆல்பத்தில் அது இருக்கிறது. முதல் தடவை கேட்டபோது ரைடு சிம்பல் அடிப்பது போலவே தோன்றவில்லை. மழை பிடித்து, விடாமல் பெய்வது போல இருந்தது. அதே ஆள் 1969-ல் லைஃப்டைம் என்று மின்சார கிட்டார் குழு ஆரம்பித்தார். அதில் இருந்த ஜான் மெக்லாக்லின் பிறகு மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் டிரம்மர் பில்லி காபமோடு வாசித்தார், அதற்குப் பிறகு சக்தி குழுவில் நம் விக்கு விநாயக்ராம் கடத்தோடு. இந்தக் கயிற்றை எங்கே வெட்டுவீர்கள்?

*

மறுபடி திருச்சி. எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். கிளைட் பற்றி எழுதிய நண்பரே, அந்தச் சின்ன அடிகள்தான் இரண்டு வருடமாக என் பாடு. டிரம்மர் ஜெஃப் போர்காரோ 1982-ல் டோட்டோ குழுவின் 'ரோசன்னா'வில் வாசித்த ஷஃபிளை, அந்த மும்மை நடையை, பழகிக்கொண்டிருக்கிறேன். டிரம்மர் பெர்னார்ட் பர்டியின் ஷஃபிளையும், போன்ஹாம் 'ஃபூல் இன் த ரெயின்' பாட்டில் வாசித்ததையும் சேர்த்துத்தான் அதைக் கட்டினேன் என்று போர்காரோவே சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஹை-ஹாட்டில் தகிடவின் முதலும் மூன்றும், நடு எழுத்து மட்டும் ஸ்னேரில், குச்சி தோலில் பட்டும் படாமலும். அந்த நடு எழுத்து கேட்கவே கூடாது, ஆனால் எடுத்துவிட்டால் பாட்டு நின்றுவிடும். மயிலாப்பூர் தங்கை தகிட என்று பிரித்து எழுதியதைப் படித்த பிறகுதான் எண்ணிக்கையை விட்டுச் சொல்லிக்கொண்டே வாசிக்கத் தோன்றியது.

இன்று காலை வீட்டில் எல்லோரும் தூங்கும்போது தலையணையை மடியில் வைத்து, தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ல் விட்டு, சொல்லிக்கொண்டே வாசித்தேன். மூன்று சுற்று சரியாக வந்தது. நான்காவது சுற்றில் இடது கை இன்னும் சத்தமாக விழுகிறது.