கெகியோங்காஸ் அணி ஏன் அவ்வளவு சீக்கிரம் கலைந்தது?

கேள்வி: அமெரிக்காவின் முதல் தொழில்முறை பேஸ்பால் லீக்கின் முதல் ஆட்டத்தையே ஜெயித்த ஃபோர்ட் வேன் கெகியோங்காஸ், ஒரு சீசன்கூட முழுதாக ஆடவில்லையே. ஏன்?

பதில் 1: காசுதான். இண்டியானாவில் ஒரு சின்ன ஊர். முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் தூரத்து பால்டிமோர் நகரத்திலிருந்து வந்தவர்கள். தோல்விகள் அடுக்கியதும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். 7 வெற்றி, 12 தோல்வி. 1871 ஆகஸ்டோடு கதை முடிந்தது.

பதில் 2: ஆனால் அந்த மே 4 ஆட்டம் இருக்கிறதே! கிளீவ்லாண்டை 2-0 என்று மடக்கினார்கள். கையுறை இல்லாமல் பந்து பிடித்த காலம், ஒரு அணியே இருபது ரன் எடுப்பது சகஜம். பந்து வீசிய பாபி மேத்யூஸுக்கு வயது 19.

கேட்டவர்: சரி, மேத்யூஸ் அப்புறம் என்ன ஆனார்?

பதில் 2: வேறு அணிகளுக்குப் போய், பந்து வீச்சாளராக மொத்தம் 297 வெற்றி எடுத்தார். பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இன்னும் இடமில்லை. என்னைக் கேட்டால் அநியாயம்.