7 வாரம் ஆகியும் கை தோளுக்கு மேல் போகவில்லை

கோத்தகிரி_தங்கை:

எனக்கு 44 வயது. கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். வலது மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று கோயம்புத்தூரில் மார்பை முழுவதுமாக எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். முதலமைச்சர் காப்பீட்டில் நடந்ததால் காசுக்குத் திண்டாடவில்லை. இப்போது 7 வாரம் ஆகிறது, 2 கீமோ முடிந்திருக்கிறது. எல்லாக் கீமோவும் முடிந்த பிறகு கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்க வேண்டுமாம்.

கைதான் பிரச்சினை. தோள் மட்டத்துக்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது. போன வாரம் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியாமல் கொண்டை ஊசி வளைவில் விழப் பார்த்தேன். அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கு அடியில் கயிறு கட்டி இழுத்தது போல் இருக்கிறது. மாமியார் "கையை ஆட்டாதே, தையல் விட்டுப்போகும்" என்கிறார். பக்கத்து லைன் பெரியவரோ, நரம்பு சுருண்டிருக்கிறது, எண்ணெய் போட்டு உருவிவிட்டால் சரியாகும் என்கிறார். ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிய அன்று பயிற்சிப் படம் போட்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஒருவரும் செய்து காட்டவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இந்த 7 வாரமும் நான் கண்ணாடி முன் நிற்கவில்லை. குளிக்கும்போதுகூடச் சுவரைப் பார்த்தபடிதான் குளிக்கிறேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் கீழே பாய் போட்டுப் படுக்கிறார். தூக்கத்தில் கை பட்டுவிடும் என்கிறார். எடுத்துப்போட்ட மார்பு எனக்கு அரிக்கிறது. சொறியப் போனால் அங்கே ஒன்றும் இல்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?

குன்னூர்_அக்கா:

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். உனக்குப் பைத்தியம் இல்லை. இல்லாத மார்பு எனக்கும் அரித்தது. நரம்பை அறுத்தாலும் மூளைக்கு அந்த இடம் மறக்காது என்று டாக்டர் சொன்னார். எனக்கு வரவரக் குறைந்துவிட்டது.

எனக்கு 2018இல் ஆபரேஷன். அதே வலது பக்கம். குன்னூருக்குக் கீழே ஒரு ஏக்கர் தேயிலை இருக்கிறது, நானேதான் பறிக்கிறேன்.

கையை ஆட்டாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தவள் நான். உன் மாமியார் சொல்வதைத்தான் என் அம்மாவும் சொன்னார். நீர் வடியப் போட்ட குழாயை எடுக்கும் வரை, தையல் ஆறும் வரை அந்தப் பயம் நியாயம். அதற்கு அப்புறமும் ஆட்டாமல் இருந்தால் தோள் இறுகிவிடும். இதை நான் கரண்ட் வைக்கும் மேஜையில்தான் தெரிந்துகொண்டேன். அதில் கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு தாங்கியில் வைத்து அசையாமல் படுக்க வேண்டும். என் கை காதுவரைகூடப் போகவில்லை. "கையைச் சரி செய்துகொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 3 வாரம் தள்ளிப்போனது. இந்த நாட்களில் நோய் திரும்ப வந்துவிடுமோ என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருப்பேன். உனக்கு இன்னும் கீமோ பாக்கி இருக்கிறது, நேரம் இருக்கிறது. அடுத்த கீமோவுக்குப் போகும்போது பிசியோதெரபி டாக்டரைப் பார்க்காமல் திரும்பாதே. செய்து காட்டச் சொல்லி அங்கேயே உட்கார்.

எனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறேன். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மெதுவாக மேலே ஏற வேண்டும். இழுத்துப் பிடிக்கிற இடத்தில் நின்று, நாலைந்து மூச்சு விட்டு, அப்படியே இறங்க வேண்டும். இழுப்பு இருக்கலாம், சுரீர் என்று வலித்தால் நிறுத்திவிடு. என் மகள் பள்ளிக்கூடச் சாக்பீஸால் நான் தொட்ட இடத்தில் தினமும் கோடு போடுவாள். கீமோ போட்ட வாரம் கோடு இறங்கும், அதைப் பார்த்து அழாதே, அடுத்த வாரம் ஏறும். அப்புறம் குடை. மல்லாந்து படுத்து, மடக்கிய குடையை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையின் பலத்தில் இந்தக் கையையும் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். நம் ஊர்க் குளிரில் காலையில் தோள் கட்டை மாதிரி இருக்கும், அதனால் குளித்துவிட்டுச் செய்வேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மேல்கையின் உட்பக்கம் உனக்கு மரத்துப்போயிருக்கும். ஜனவரிக் குளிரில் நான் வெந்நீர்ப் பையை அக்குளில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் பெரிய கொப்புளம். சுட்டதே தெரியவில்லை. அதிலிருந்து கை வீங்கி, இறுக்கமான உறை போட வேண்டியதாகிவிட்டது. அடுப்பு, வெந்நீர், கவாத்துக் கத்தி எல்லாவற்றிலும் அந்தக் கையைப் பார்த்துக்கொள். இப்போது கையுறை இல்லாமல் நான் செடிக்குள் கை விடுவதில்லை.

கண்ணாடியை இப்போதைக்கு விடு. நான் முதலில் பார்க்கவில்லை, தொட்டேன். புண் நன்றாக ஆறிய பிறகு டாக்டரைக் கேட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தழும்பின் மேல் மெதுவாகத் தடவினேன். முதல் நாள் கை நடுங்கியது. பத்துப் பன்னிரண்டு நாளில் அந்தத் தழும்பு எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம்தான் பொட்டு வைக்கிற சின்னக் கண்ணாடியில் பார்த்தேன்.

இடது பக்கம் எடுத்தவர்களுக்கு முந்தானையாவது மறைக்கும். நமக்கு அதுவும் இல்லை. மலையில் ஸ்வெட்டர் போட்டுச் சமாளித்தேன். கரண்டுக்காகக் கோயம்புத்தூரில் தங்கிய 3 வாரம், அந்த வெயிலில் ஸ்வெட்டர் போட முடியாமல் கூனிக்கொண்டே நடந்தேன். கூனினால் தோள் இன்னும் இறுகும். பஞ்சு வைத்தால் மேலே ஏறிவிடுகிறது. கடைசியில் பருத்தித் துணியில் பை தைத்து, கடுகு நிரப்பி, உள்பாடிக்குள் வைத்தேன். கனம் இருப்பதால் நகராது. நிமிர்ந்து நடந்தேன்.

அங்கே காத்திருக்கும் பெஞ்சில் என்னைப் போல மூன்று பேர் இருந்தார்கள். வீட்டில் சொல்ல முடியாததை எல்லாம் அங்கேதான் பேசினோம். உனக்கும் அப்படி ஒருவர் கிடைக்கும் வரை, ராத்திரி மனம் தாங்காவிட்டால் 14416க்குப் போன் செய். டெலி மனஸ் என்று 2022இல் அரசு தொடங்கியது. தமிழில் பேசலாம், காசு கிடையாது. நான் அழுத காலத்தில் அது இல்லை.

பிசியோ_கோவை:

அக்கா சொன்ன பயிற்சிகள் சரி. அந்தக் கயிறு பற்றி மட்டும் சேர்க்கிறேன். அது சுருண்ட நரம்பு இல்லை. அக்குளில் ஆபரேஷன் செய்த பலருக்குச் சில வாரங்களில் இப்படி இறுகிய இழைகள் தோன்றும். நீட்டும் பயிற்சியில் பெரும்பாலும் சில மாதங்களில் தளர்ந்துவிடும். தயவுசெய்து யாரிடமும் எண்ணெய் போட்டு உருவக் கொடுக்காதீர்கள்.

அக்குள் நெறிக்கட்டிகளை முழுதாக எடுத்தவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. மோதிரம், வளையல் இறுகுவது, கை கனப்பது முதல் அடையாளம். வந்தால் உடனே காட்டுங்கள். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் அடித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கீமோ நடக்கும்போது காய்ச்சல் என்றாலே காத்திருக்கக் கூடாது.

வீக்கத்துக்குப் பயந்து ஆயுளுக்கும் கனம் தூக்காமல் இருக்க வேண்டும் என்று முன்பு சொல்வோம். 2009இல் அமெரிக்காவில் கை வீக்கம் உள்ள 141 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், மேற்பார்வையோடு கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை. நீங்கள் கொழுந்துப் பைக்குத் திரும்பலாம், ஆனால் படிப்படியாக. நடையையும் விடாதீர்கள். வாரத்தில் 3 நாள், 30 நிமிடம் நடப்பது கீமோ அசதியையும் மனச் சோர்வையும் குறைக்கிறது. முதலில் மேடு வேண்டாம், சமமான பாதையில் 5 நிமிடத்தில் தொடங்குங்கள். கோவைக்கு அடிக்கடி வர முடியாது என்றால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். அதில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி தரும் வசதி உண்டு.

கூடலூர்_அண்ணன்:

சகோதரி, நானும் கீழே பாய் போட்டுப் படுத்தவன். என் மனைவிக்கு வலிக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். அவள் 4 மாதம் கழித்து, "என்னைப் பார்க்கப் பிடிக்காமல்தானே இறங்கிப் படுத்தீங்க" என்று கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. நான் வாய் திறந்து கேட்டிருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். ஆபரேஷன் ஆகாத பக்கமாக அவர் படுத்துக்கொள்ளலாம்.

கோத்தகிரி_தங்கை:

12 நாள் கழித்து எழுதுகிறேன். 3ஆவது கீமோவுக்குப் போனபோது பிசியோ டாக்டர் அறைக்கு நானே கேட்டுப் போனேன். அரை மணி நேரம் செய்து காட்டினார். மகன் சுவரில் கோடு போடுகிறான், முதல் கோட்டிலிருந்து நாலு விரல் ஏறியிருக்கிறது. மாமியாரும் பக்கத்தில் நின்று எண்ணுகிறார். கூடலூர் அண்ணன் எழுதியதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, ராத்திரி பாயைச் சுருட்டி வைத்துவிட்டார். தழும்பை இன்னும் தொடவில்லை.

அக்கா, கடுகு எவ்வளவு போட்டீர்கள்?

குன்னூர்_அக்கா:

எனக்கு 200 கிராம் சரியாக இருந்தது. முதலில் கொஞ்சம் குறைவாகப் போட்டுத் தைத்துப் பார், அந்தப் பக்கத்துக்குச் சமமாக வரும் வரை கூட்டு. பையை இரட்டைத் துணியில் தை, இல்லாவிட்டால் குத்தும். துவைக்கும்போது கடுகைக் கொட்டிவிட வேண்டும். மெல்லிய பழைய வேட்டித் துணி இருந்தால் அதுதான் தோலுக்கு நல்லது.