கீறல்தானே என்று அறிவிக்காமல் விட்டேன்

போன வருஷம் சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் புளோக் கார்ப்பேட்டையில் நடந்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் மெதுவாக வந்த காரின் கதவில் என் பம்பர் உரசிவிட்டது. விரல் நீளக் கீறல். "சின்னதுதானே, விடுங்க தம்பி" என்றார் அவர். நானும் சரி என்று கிளம்பிவிட்டேன்.

அவ்வளவு நிம்மதியாகக் கிளம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. மிச்சிகனில் என் அக்காவுக்கு விபத்தில் அடிபட்டபோது, தப்பு யார் மேல் என்று பார்க்காமல் அவர் இன்சூரன்ஸே வைத்தியச் செலவைக் கொடுத்தது. நோ ஃபால்ட் என்பார்கள். இங்கேயும் அவரவர் இன்சூரன்ஸ் அவரவருக்கு என்று நினைத்துக்கொண்டேன். அங்கேகூட அது உடம்புக்கு மட்டும்தானாம். சொந்தக் காரைப் பழுதுபார்க்கத் தனிக் காப்பு வாங்கியிருக்க வேண்டும் என்று அக்கா பிறகுதான் சொன்னார்.

ஐந்து வாரம் கழித்து வழக்கறிஞர் கடிதம் வந்தது. கதவு மாற்றிய செலவு, அந்த நாட்களுக்கு வாடகைக் கார், கழுத்து வலி என்று எல்லாம் அதில் இருந்தது. என்னிடம் ஒரு படம்கூட இல்லை. என் இன்சூரன்ஸில் கேட்ட முதல் கேள்வி, "ஏன் அப்போதே சொல்லவில்லை?" 2008 முதல் இங்கே விதி இதுதான்: கீறலே விழாவிட்டாலும் 24 மணி நேரத்துக்குள், இல்லையென்றால் அடுத்த வேலைநாளுக்குள் அறிவிக்க வேண்டும். தவறினால் கைவிரிக்கவும் அவர்களுக்கு இடம் உண்டு. கடைசியில் பணம் கொடுத்தார்கள். ஆனால் ஐந்து வருஷம் கவனமாக ஓட்டிச் சேர்த்த 50% என்சிடி, அதாவது இன்சூரன்ஸில் பணம் கோராமல் இருந்ததற்குக் கிடைக்கும் கட்டணத் தள்ளுபடி, 20% ஆகிவிட்டது. இன்னும் மனசு ஆறவில்லை.

* * *

தம்பி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. எனக்கு தோ பாயோ பக்கம் தீவு விரைவுச்சாலையில் ஒரு வேன் பின்னால் இடித்தது. கூப்பிடாமலே ஓர் இழுவை வண்டி வந்து நின்று, தெரிந்த பட்டறை இருக்கிறது என்றார்கள். வேண்டாம் என்று சொல்லி இன்சூரன்ஸ் எண்ணுக்கு அழைத்தேன். அன்று மாலையே கேமரா பதிவோடு போய் அறிக்கை கொடுத்தேன். வேன்காரரின் இன்சூரன்ஸ்தான் பணம் கட்டியது, நான்கு மாதம் இழுத்தடித்து. நம் பக்கத் தப்பு 20 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் என்சிடி குறையாது. எனக்கு அப்படியே இருக்கிறது.

* * *

தம்பி, நீங்கள் சொன்ன நோ ஃபால்ட் மாதிரி தப்பு பார்க்காமல் கொடுப்பது இங்கேயும் ஒன்று உண்டு. என் வீட்டுக்காரர் கம்பெனி லாரி ஓட்டுகிறார். டெலிவரிக்குப் போகும் வழியில் தடுப்பில் மோதிக் கை முறிந்தது, தப்பு இவர் மேல்தான். ஆனாலும் வேலை நேரத்தில் நடந்ததால் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் வைத்தியச் செலவும் மருத்துவ விடுப்புச் சம்பளமும் கிடைத்தன. லாரி ஓட்டும் தம்பிகள் யாராவது படித்தால்: விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும்.