ஏற்காட்டில் ஒரு ‘டங்’

அப்பா: ஏற்காடு வந்துவிட்டோம். ஆனால் இந்தப் புது ஆட்டோமேட்டிக் வண்டியில் ஏதோ கோளாறு. சரிவில் ‘பி’ (பார்க்கிங்) போட்டு நிறுத்தினேன். டீ குடித்துவிட்டு வந்து லீவரை இழுத்தால் வரமாட்டேன் என்கிறது. பலமாக இழுத்ததும் அடியில் ‘டங்’கென்று சத்தம்.

சித்தி: ஐயோ, புது வண்டி! கண் பட்டுவிட்டது.

மாமா: ஹேண்ட் பிரேக் போட்டீர்களா அத்தான்?

அப்பா: பி-யில்தானே நிற்கிறது, அது எதற்கு?

மாமா: பி என்பது பிரேக் இல்லை அத்தான். கியர்பாக்ஸுக்குள் ஒரு பல்சக்கரத்தில் சின்ன இரும்புக் கொக்கி போய் மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். சரிவில் வண்டியின் பாரம் முழுக்க அதன் தலையில் உட்கார்ந்துவிட்டது. அதை விடுவித்த சத்தம்தான் டங். ஒரு தடவையில் ஒன்றும் ஆகாது. இனிமேல் பிரேக்கை மிதித்தபடி என்-னுக்கு (நியூட்ரல்) போய் ஹேண்ட் பிரேக் போடுங்கள். காலை லேசாக எடுத்துப் பாருங்கள். வண்டி நகராமல் நின்றால், அப்புறம் பி.

மகள்: இந்த வண்டியில் இல்லாத கிளட்ச் என்று நினைத்து இடது காலால் பிரேக்கை ஒரே மிதி மிதித்ததை அப்பா சொல்லவில்லையே!

பாட்டி: என் மடியெல்லாம் மோர். சொல்வானா அவன்?

மாமா: எனக்கும் அதே கதைதான். முதல் வாரம் இடது கால் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினேன், ஞாபகம் இருக்கட்டும் என்று.

சித்தி: எங்கள் வண்டியில் பி-யே இல்லையே. ஆர் (ரிவர்ஸ்), என், டி (டிரைவ்), எம் (மேனுவல்) மட்டும்தான்.

மாமா: உங்களுடையது ஏஎம்டி. உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸும் கிளட்சும்தான், காலுக்குப் பதில் இயந்திரம் அமுக்குகிறது. மேட்டைப் பார்த்து நின்றால் டி, பள்ளத்தைப் பார்த்து நின்றால் ஆர். பிரேக்கை மிதித்தபடியே எஞ்சினை அணைத்து ஹேண்ட் பிரேக் போடுங்கள்.

சித்தப்பா: இறங்கும்போது என்-ல் விடு அண்ணா, பெட்ரோல் மிச்சம்.

மாமா: அதெல்லாம் பழைய கார்புரேட்டர் எஞ்சின் காலத்துக் கதை. இப்போது கியரில் இருந்துகொண்டு ஆக்சிலரேட்டரை விட்டால் எஞ்சினுக்குப் பெட்ரோலே போகாது. என்-ல்தான் குடிக்கும். 20 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கை நம்பியே இறங்கினால் கருகல் வாசனை வரும். ‘எல்’ (லோ கியர்) போடுங்கள் அத்தான், எஞ்சினே வேகத்தை அடக்கும். எஞ்சின் உறுமும், பயப்படாதீர்கள்.

(மாலை 5.40)

அப்பா: உறுமிக்கொண்டே இறங்கிவிட்டோம். பிரேக் வாசனை இல்லை. அடிவாரத்தில் டி-க்கு மாற்ற மறந்து கோரிமேடு வரைக்கும் எல்-லிலேயே வந்துவிட்டேன். பின்னால் வந்த பஸ்காரர் அடித்த ஹாரன் இன்னும் காதில் கேட்கிறது.