ஃபர்லோ: ‘பணித்தரிப்பு’ பொருந்துமா?

வேலை தராமல், ஆனால் பணி ஒப்பந்தத்தை முறிக்காமல் தொழிலாளியைச் சில காலம் நிறுத்திவைப்பதே ‘ஃபர்லோ’. அதற்குக் ‘கட்டாய விடுப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சொல்லின் அழகு இங்கே பிரச்சினை இல்லை. விடுப்பு என்று எழுதிய உடனே சட்டப்பொருள் மாறிவிடுகிறது, அதுதான் சிக்கல்.

பெருந்தொற்றுக் காலத்தில் இச்சொல்லைப் பரவலாக்கிய பிரிட்டன் திட்டத்தையே பாருங்கள். 2020 மார்ச் 1 முதல் 2021 செப்டம்பர் 30 வரையிலான காலத்துக்கு அது பொருந்தியது. வேலை கிடையாது, ஆனால் பணி ஒப்பந்தம் முறியவில்லை. வேலை செய்யாத நேரத்துக்குரிய ஊதியத்தில் 80 விழுக்காடு, மாதம் 2,500 பவுண்ட் உச்சவரம்புக்குள், தொழிலாளிக்குச் சேரவேண்டியிருந்தது. சில மாதங்களில் அரசின் பங்கு 70, 60 எனக் குறைந்தபோது முதலாளி தன் கையிலிருந்து போட்டு 80ஐ நிரப்ப வேண்டியிருந்தது. இந்த நிலையில் இருந்தவர் தம் ஆண்டு விடுப்பையும் எடுக்க முடிந்தது. அந்த நாட்களுக்கு மட்டும் முழு ஊதியம் தரவேண்டியிருந்தது. இப்போது ‘கட்டாய விடுப்பு’ என்ற சொல்லை வைத்து இந்த விதியைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: “விடுப்பில் இருப்பவர் விடுப்பு எடுத்தால்...” விதியே குழம்பிவிடுகிறது. அறிவிப்பில் ‘விடுப்பு’ என்று இருந்தால் தொழிலாளியின் விடுப்புக் கணக்கில் கழிப்பதற்கும் வழி திறக்கிறது.

‘ஊதியமில்லா விடுப்பு’ நேர்ப்பிழை. ‘தற்காலிகப் பணிநீக்கம்’ அதைவிட ஆபத்து: நீக்கம் என்றாலே பணித்தொடர்ச்சி அறுந்தது என்று வாதிட இடம் கிடைக்கும், பணிக்கொடைக் கணக்கு அந்தத் தொடர்ச்சியை வைத்துத்தான். ‘பணியிடை நீக்கம்’ ஒழுங்கு நடவடிக்கைக்குரியது. ‘ஃபர்லோ’ என்று அப்படியே எழுதினாலும் சிக்கல்தான், நம் ஊர்ச் செய்திகளில் அது கைதிக்குத் தரும் சிறைவிடுப்பு.

‘லே-ஆஃப்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. இரண்டும் ஒன்றல்ல. 2020இல் இந்தியாவில் நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டப்படி லே-ஆஃப் என்பது, மஸ்டர் ரோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) பெயர் உள்ளவருக்கு நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் பற்றாக்குறை, இயந்திரப் பழுது, இயற்கைப் பேரிடர் போன்ற காரணங்களால் முதலாளி வேலை தர இயலாத நிலை. பிரிவு 25சி-யின்படி அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பாதி இழப்பீடு. அதற்கு ஓராண்டுத் தொடர்பணி வேண்டும், பதிலித் தொழிலாளிக்குக் கிடையாது. 12 மாதத்தில் 45 நாளைத் தாண்டினால் ஒப்பந்தம் செய்து இழப்பீட்டை நிறுத்தவும் முடியும்.

இதில் கவனிக்கவேண்டியது பிரிவு 25ஈ. லே-ஆஃபில் உள்ளவர் வேலை நேரத்தில் குறித்த வேளைக்கு நாளுக்கு ஒருமுறையாவது ஆலைக்கு வந்து நிற்காவிட்டால் இழப்பீடு இல்லை என்றது அது. ஊரடங்கில் வீட்டுப்படி தாண்ட முடியாதவர் எப்படி வந்து நிற்பார்? வாசலில் வந்து நிற்பவருக்காக எழுதிய சொல்லை, வீட்டிலேயே இருக்கச் சட்டம் கட்டளையிட்டவருக்குப் போர்த்தினால் அவர் பணத்தை இழப்பார். 2020 மார்ச் 29இல் ஊதியத்தைப் பிடிக்காமல் தரச்சொல்லி மத்திய உள்துறை ஆணை பிறப்பித்தது, மே 18 முதல் அது விலக்கப்பட்டது, ஜூன் 12இல் உச்ச நீதிமன்றம் இருதரப்பும் பேசித் தீர்க்கச் சொன்னது. அந்த நாட்கள் வேலைநாளா, விடுப்பா, லே-ஆஃபா? பேச்சுவார்த்தை மேசையில் வைக்க நான்காவதாக ஒரு சொல் வேண்டியிருந்தது.

என் பரிந்துரை ‘பணித்தரிப்பு’. தரித்தல் என்றால் ஓரிடத்தில் நிற்றல், தாங்கி வைத்திருத்தல் இரண்டும். இலங்கைத் தமிழில் பேருந்துத் தரிப்பிடம் அன்றாடச் சொல். நிற்கும் வண்டி ஓடவில்லை, ஆனால் உரியவரிடமிருந்து போய்விடவும் இல்லை. வேலை நிற்கிறது, ஒப்பந்தம் அறுபடவில்லை என்ற இரு கூறும் ஒரே சொல்லில் வருகின்றன. தமிழ்நாட்டு வாசகருக்கு முதலில் கருத்தரிப்புதான் நினைவுக்கு வரும் என்ற தடை உண்மையே. அதனால் ‘தரிப்பு’ என்று தனியாக எழுதாமல் முதல்முறை எப்போதும் ‘பணி’யோடு சேர்த்தே எழுதவேண்டும்.

‘காத்திருப்பு’ம் நல்ல போட்டிச்சொல். பணியிடம் ஒதுக்கப்படாமல் காத்திருப்போர் பட்டியலில் உள்ள அரசு அதிகாரி பணியில்தான் இருக்கிறார். ஆனால் அந்தச் சொல்லில் தண்டனை வாடை ஏறிவிட்டது, ‘பணிக்காத்திருப்பு’ என்றால் வேலை தேடுபவர் என்றும் படும்.

சொல் கிளைக்கிறதா என்றும் பார்த்தேன். பணித்தரிப்பில் வைத்தல், பணித்தரிப்பாளர், பணித்தரிப்பு ஊதியம், மீளழைப்பு எல்லாம் தடையின்றி வருகின்றன. பிரிட்டனில் 2020 ஜூலை 1 முதல் சில மணிநேரம் வேலை, மீதி நேரம் ஃபர்லோ என்று அனுமதித்தார்கள், அது ‘பகுதிப் பணித்தரிப்பு’. ஜெர்மனியின் ‘குர்ட்ஸ்ஆர்பைட்’டை இதில் சேர்க்கவேண்டாம். அங்கே சொல்லின் அழுத்தம் வேலைநேரக் குறைப்பில் இருக்கிறது, ‘குறுநேரப்பணி’ என்றால் போதும்.

அறிவிப்பு வாசகம் இப்படி அமையலாம்: “... தேதி முதல் நீங்கள் பணித்தரிப்பில் வைக்கப்படுகிறீர்கள். உங்கள் பணித்தொடர்ச்சி நீடிக்கும். இந்நாட்கள் விடுப்புக் கணக்கில் கழிக்கப்படா. பணித்தரிப்பு ஊதியம் ... விழுக்காடு. வருங்கால வைப்புநிதிப் பங்களிப்பு இந்த ஊதியத்தின்மீது தொடரும். மீளழைப்புக்கு ... நாள் முன்னறிவிப்பு தரப்படும்.” தொழிலாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலுக்குக் கீழே ஓர் இடம் விடவேண்டும். பிரிட்டனில் முதலாளி அந்த எழுத்துச் சான்றை 5 ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்று விதித்திருந்தார்கள். ‘லே-ஆஃப்’ ஆலைத்தொழிலாளர் வாயில் ஊறிய சொல், அதை அப்படியே விட்டுவிடலாம்.