பிரவீன் குமார் வெறும் 'பீமன்'தானா?

வட்டெறி: பிரவீன் குமார் சோப்தி என்று சொன்னால் நம்மில் பலருக்குத் தெரியாது. தூர்தர்ஷன் மகாபாரதத்து பீமன், 'மைக்கேல் மதன காம ராஜன்' படத்து பீம் பாய் என்றால் உடனே முகம் ஞாபகம் வரும். 1966, 1970 இரண்டு ஆசியப் போட்டிகளிலும் வட்டு எறிதலில் தங்கம் வாங்கியவர் அவர். மெக்சிகோ, மியூனிக் என்று இரண்டு ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக இறங்கியவர். நடிப்பு அதையெல்லாம் மூடி மறைத்துவிட்டது என்பது என் கட்சி.

ஞாயிறு ரசிகன்: மறைத்ததா, காப்பாற்றியதா? அதே ஆசியப் போட்டிகளில் தங்கம் வாங்கிய மற்றவர்களில் எத்தனை பேரை நமக்குத் தெரியும்? ஒலிம்பிக்கையும் ரொம்பப் பெரிதாக்க வேண்டாம். 1966 கிங்ஸ்டன் காமன்வெல்த்தில் சங்கிலிக்குண்டு எறிதலில் இவருக்கு வெள்ளி கிடைத்தது 60.12 மீட்டருக்கு. 1968 மெக்சிகோவில் தங்கம் வாங்கிய ஹங்கேரிக்காரர் ஜிவோட்ஸ்கி எறிந்தது 73.36. எங்கே அது, எங்கே இது? ஆனால் பீமன் என்றால் இன்றைக்கும் அவர் முகம்தான்.

வட்டெறி: அந்த 60.12 எறிந்தபோது அவருக்கு வயது 18. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! அப்புறம், இது வெறும் உடல் பலம் இல்லை. 7.26 கிலோ குண்டைக் கம்பியில் பிடித்துக்கொண்டு, 2.135 மீட்டர் வட்டத்துக்குள் மூன்று நான்கு சுற்று சுழல வேண்டும். வேகம் ஏற ஏறக் குண்டு ஆளை வெளியே இழுக்கும். அதற்கு ஈடுகொடுத்து உடம்பைப் பின்னால் சாய்க்க வேண்டும், காலும் வட்டத்தைத் தாண்டக் கூடாது. கையை விடும் நேரம் கொஞ்சம் பிசகினால் குண்டு வலையில்தான் போய் விழும். இவ்வளவு நுட்பம் தெரிந்தவரை சினிமா ஆறரை அடி உருவமாக மட்டும்தான் பார்த்தது. அடியாள், மெய்க்காப்பாளர், அவ்வளவுதான்.

பஞ்சவர்ணம்: சினிமாவுக்குச் சரி, மகாபாரதத்துக்கு அப்படிச் சொல்லாதீர்கள். கதாயுதத்தோடு அவர் நிற்கும் நிலையைப் பாருங்கள். அந்தத் தோளும் இடுப்பும் மைதானம் கொடுத்தது. எனக்கு இரண்டும் ஒரே ஆள்தான்.

ஞாயிறு ரசிகன்: அதேதான். இன்னொன்று, விளையாட்டு வீரர்களுக்கான ஓய்வூதியத்தை பஞ்சாபில் எந்த அரசும் தனக்குத் தரவில்லை என்று கடைசிக் காலத்தில் அவர் வெளிப்படையாகவே சொன்னார். அது நாடு முழுக்கச் செய்தியானது எதனால்? பீமன் சொன்னதால்.

வட்டெறி: நான் ஆதங்கப்படுவதே அதற்குத்தான், அண்ணா. ஆசியத் தங்கம் இரண்டு, காமன்வெல்த் வெள்ளி, அர்ஜுனா விருது எல்லாம் இருந்தும், ஓய்வூதியம் கேட்கக்கூட பீமன் பெயர் தேவைப்பட்டது. 2022 பிப்ரவரியில் அவர் இறந்தபோதும் தலைப்பில் முதலில் வந்தது பீமன்தான். வட்டு எறிதல் உள்ளே இரண்டாம் பத்தியில் இருந்தது.