"இன்னும் வலி வரலையா?" – நிறைமாசத்துக் கடைசி நாட்கள்

வில்லாபுரம்

எனக்கு 39 வாரம் முடிஞ்சு ரெண்டு நாள் ஆகுது. முதல் பிள்ளை. அம்மா வீட்டுல இருக்கேன். காலையில கண்ணு முழிச்சதும் "வலி ஏதும் தெரியுதா"ன்னு அம்மா. பத்து மணிக்கு மாமியார் போன். சாயங்காலம் சித்தி, ராத்திரி அவரு. வலி வந்தா நானே சொல்ல மாட்டேனா? தூக்கம் இல்ல, புரண்டு படுக்க இன்னொருத்தர் கை கொடுக்க வேண்டியிருக்கு, மணிக்கு ஒரு தடவை பாத்ரூம். முன்ன மாதிரி உதையும் இல்ல, உள்ள இடம் பத்தலைன்னு பெரியம்மா சொன்னாங்க. இந்தக் கடைசி வாரங்களை நீங்கல்லாம் எப்படிக் கடத்துனீங்க? படிச்சாலே எனக்கு ஆறுதலா இருக்கும்.

கடச்சனேந்தல்

தங்கச்சி, உன் எழுத்தைப் படிச்சதும் எனக்கு அந்தச் சித்திரை அப்படியே திரும்பி வந்துருச்சு. எனக்குச் சொன்ன தேதி 2024 ஏப்ரல் 24. மதுரைக்காரங்களுக்கு அந்த வருஷம் மறக்காது. 19-ம் தேதி ஓட்டு, 21 மீனாட்சி கல்யாணம், 22 தேர், 23 அழகர் ஆத்துல இறங்குனாரு. மறுநாள் என் தேதி.

"சித்திரை அப்பன் தெருவிலே"ன்னு ஒரு சொலவடை இருக்குல்ல. தலைப்பிள்ளை சித்திரையில பிறந்தா அப்பனுக்கு ஆகாதாம். ஆடியில புதுப்பொண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதே இதுக்குத்தான்னு சொல்லுவாங்க. நாங்க ரெண்டு பேரும் வேலைக்காகக் கோயம்புத்தூர்ல இருந்தோம். எங்களை யாரு பிரிச்சு வைக்கிறது? ஸ்கேன்ல தேதி சொன்ன நாள்லயே மாமியார் வீட்டுல பேச்சு ஆரம்பிச்சது. எட்டாம் மாசம் வந்ததும், பங்குனி முடியுறதுக்குள்ள, ஏப்ரல் 13-க்குள்ள ஆபரேஷன் பண்ணி எடுத்துரலாம்னு ஜோசியர்கிட்ட நேரமே குறிச்சிட்டு வந்துட்டாங்க.

டாக்டரம்மா அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்துட்டு அமைதியா திருப்பிக் கொடுத்தாங்க. "13-ம் தேதி இந்தப் பொண்ணுக்கு 38 வாரம் மூணு நாள்தான் ஆகும். அவளுக்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லாம 39 முடியுறதுக்கு முன்னாடி வயித்தைக் கிழிச்சு எடுத்தா, மூச்சு விடச் சிரமப்படுற பிள்ளைங்களை நான் பார்த்திருக்கேன். நுரையீரல் பழுக்குற நாள் இதெல்லாம்"னு சொன்னாங்க. வெளிய வந்ததும் எங்க வீட்டுக்காரர் அவங்க அம்மாகிட்ட சொன்ன வார்த்தை இன்னும் என் காதுல இருக்கு. "நான் தெருவுக்கு வந்தாலும் வந்துட்டுப் போறேன், பிள்ளைக்கு மூச்சு முட்டக் கூடாதும்மா." அதோட அந்தப் பேச்சு நின்னுச்சு. அந்த நம்பிக்கையை வச்சிருக்கிறவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. அவங்க பயமும் அவங்க மகனை நினைச்சுத்தான். ஆனா உனக்கு இப்படி யாராவது நாள் குறிச்சா, டாக்டர் வாயாலயே பதில் சொல்ல வை. நம்ம சொன்னா எடுபடாது.

16-ம் தேதி ராத்திரி வயிறு கல்லு மாதிரி இறுகுச்சு. விடும், திரும்ப இறுகும். எங்க அப்பத்தா சீரகத்தை வறுத்துக் கொதிக்க வச்சு, கருப்பட்டி தட்டிப் போட்டுக் கொடுத்தாங்க. "சூட்டு வலின்னா இதுல அமந்துரும், பிள்ளை வலின்னா கூடும்"னாங்க. எனக்கு ரெண்டுமே தெரியல, பயம்தான் கூடுச்சு. பையைத் தூக்கிட்டுப் போனோம். உள்பரிசோதனை பண்ணிப் பார்த்துட்டு, கர்ப்பப்பை வாய் இன்னும் திறக்கவே இல்ல, வீட்டுக்குப் போங்கன்னாங்க. விடிகாலையில அதே பையோட திரும்பி வந்து இறங்குறப்போ தெருவுல கோலம் போட்டுக்கிட்டிருந்தவங்க எல்லாரும் பார்த்தாங்க. அன்னைக்கு நான் அழுததுக்கு அளவே இல்ல. உனக்கும் இது நடக்கலாம் தங்கச்சி. நடந்தா வெக்கப்படாதே. பத்து தடவை போய்ப் பத்து தடவை திரும்பினாலும் தப்பில்ல.

19-ம் தேதி ஓட்டுப் போடப் போனேன், என் பேரு இன்னும் அம்மா வீட்டு முகவரியிலதான் இருக்கு. வெயில் அப்படி ஒரு வெயில், கத்திரி தொடங்கவே இன்னும் ரெண்டு வாரம் இருந்துச்சு. வரிசையில நின்ன அத்தனை பேரும் "தாயி, நீ முன்னாடி போ"ன்னு வழி விட்டாங்க. பிள்ளை பிறந்து முதல்ல எடுத்த போட்டோவுல என் விரல்ல அந்த மை இருக்கு.

எங்களுக்குப் பெரிய கவலை வழிதான். நான் காட்டிக்கிட்டிருந்த ஆஸ்பத்திரி ஆத்துக்குத் தெற்கே. அழகர் எங்க ரோட்டு வழியாத்தான் மூன்றுமாவடிக்கு வருவாரு. அவரு வர்ற ரெண்டு நாளும் அழகர்கோவில் ரோட்டுல சைக்கிள்கூட நகராது. வலி வந்துட்டா? எங்க வீட்டுக்காரர் முதல் நாள் ராத்திரியே உத்தங்குடி போய், ரிங் ரோட்டைப் பிடிச்சு, விரகனூர்ல ஆத்தைத் தாண்டி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஓட்டிப் பார்த்து, எத்தனை நிமிஷம்னு எழுதி வச்சாரு. தெரு முனைக்கு அப்பால வண்டியை நிப்பாட்டிட்டு, சாவியைப் பூஜை அலமாரியில மாட்டிட்டாரு.

அழகர் வந்தாரு. மொட்டை மாடியில நாற்காலி போட்டு என்னை உக்கார வச்சாங்க. கீழ சர்க்கரைச் செம்புல வாழையிலை மூடி, அது மேல சூடம் ஏத்தி எத்தனை கை. தோல் பையில தண்ணியைப் பீய்ச்சுறவங்க, கருப்பசாமி வேஷம் கட்டுனவங்க. பல்லக்கு எங்க வீட்டைத் தாண்டுறப்போ பிள்ளை உள்ள ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் அலை மாதிரி புரண்டுச்சு. எங்கம்மா என் வயித்துல கை வச்சுக்கிட்டே அழகரைக் கும்பிட்டாங்க.

24 வந்துச்சு, போச்சு. ஒண்ணும் நடக்கல. அன்னைக்கு மட்டும் எனக்கு இருபத்தாறு போன். சொன்ன தேதியிலயே பிறக்குற பிள்ளை நூத்துல நாலோ அஞ்சோதான், 40 வாரம்ங்கிறது ஒரு கணக்குன்னு டாக்டரம்மா எனக்குச் சொல்லியிருந்தாங்க. போன் பண்ணுறவங்களுக்கு அது தெரியாதே. அவரு குடும்பக் குரூப்புல ஒரே செய்தி போட்டாரு: "பிறந்ததும் நாங்களே முதல்ல உங்களுக்குச் சொல்றோம். அதுவரைக்கும் அவளைத் தூங்க விடுங்க." சில பேருக்குக் கோபம்தான். ஆனா எனக்கு அந்த நாலு நாள் தூக்கம் கிடைச்சுச்சு. நீயும் உன் வீட்டுக்காரரை இதைச் செய்யச் சொல்லு. அம்மாவை விட்டுச் சொல்ல வைக்காதே, அவங்களுக்குப் பொல்லாப்பு ஆகிரும்.

அந்த நாலு நாள்ல அப்பா தன்னோட பழைய வேட்டியெல்லாம் எடுத்துச் சதுரம் சதுரமா கிழிச்சு, வெந்நீர்ல அலசி, மாடியில காயப் போட்டு மடிச்சாரு. அவரு வாயால ஒரு வார்த்தை பேசல. ஆனா காத்துக்கிட்டிருந்தது நான் மட்டும் இல்லைன்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுச்சு.

41 வாரத்தைத் தாண்ட விட மாட்டேன், மே 1 காலையில வந்துரு, மருந்து வச்சு வலி வர வைப்போம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. 29-ம் தேதி ராத்திரி பதினொண்ணு இருக்கும், முதுகுல ஆரம்பிச்சு இடுப்பைச் சுத்தி முன்னால வந்துச்சு. இருபது நிமிஷத்துக்கு ஒண்ணு. அப்பத்தா மறுபடியும் சீரகத் தண்ணி. இந்தத் தடவை அமரல. நடந்தாலும் போகல, படுத்தாலும் போகல. ரத்தம் கலந்த சளி மாதிரி பட்டுச்சு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு, ஒரு நிமிஷம் நிக்குதுன்னு வந்ததும் கிளம்புனோம். ரிங் ரோடு தேவைப்படல. ராத்திரி ரெண்டரைக்குக் கோரிப்பாளையம் வெறிச்சோடிக் கிடந்துச்சு. பாலத்துல போறப்போ கீழ பார்த்தேன், வாரத்துக்கு முன்னாடி லட்சம் பேரு நின்ன ஆறு இருட்டா கிடந்துச்சு. மறுநாள் காலையில பொண்ணு பிறந்தா, ரெண்டு கிலோ தொள்ளாயிரம். அவங்க அப்பா இன்னைக்கு வரைக்கும் நல்லாத்தான் இருக்காரு.

பையில மறக்காம வை: தாய் சேய் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார், கர்ப்பத்தைப் பதிவு பண்ணுனப்போ கொடுத்த பிக்மி நம்பர். அந்த நம்பர் இல்லைன்னா பிறப்புச் சான்றிதழுக்கு அலைய விடுவாங்க.

உசிலம்பட்டிப் பக்கம்

வில்லாபுரம் தங்கச்சிக்கு. நீ போற போக்குல ஒரு வரி எழுதியிருக்க. "முன்ன மாதிரி உதையும் இல்ல, இடம் பத்தலைன்னு சொன்னாங்க." நான் அதுக்காகத்தான் வந்தேன். மத்ததை அப்புறம் படி.

எனக்கும் இதே வார்த்தையைத்தான் சொன்னாங்க. ரெண்டாவது பிள்ளை, 2017, தேதிக்கு ஆறு நாள் இருந்துச்சு. மூத்தவனைப் பெத்தவளாச்சே, எனக்குத் தெரியாதான்னு ஒரு நெனைப்பு. மதியத்துல இருந்து அசைவு மந்தமா இருந்துச்சு. எங்க அத்தை, "நெறமாசத்துல பிள்ளை அடங்கிரும்த்தா, வலிக்குத் தயாராகுது"ன்னாங்க. அவங்க அஞ்சு பெத்தவங்க, வேணும்னு சொல்லல. நானும் விடியட்டும்னு படுத்துட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்கு எங்க ஊரு நர்சம்மா வேற எதுக்கோ போன் பண்ணுனாங்க. பேச்சுவாக்குல சொன்னேன். அவங்க குரலே மாறிருச்சு. "கடைசி வாரத்துல அசைவோட விதம் வேணா மாறும். உதைக்கிறதுக்குப் பதிலா புரளும், நெளியும். எண்ணிக்கை குறையக் கூடாது. இப்பவே 108-க்கு அடி"ன்னாங்க.

உசிலம்பட்டி ஆஸ்பத்திரியில வயித்துல பெல்ட் கட்டிப் பிள்ளையோட இதயத் துடிப்பைப் பார்த்தாங்க. பிள்ளைக்கு நிமிஷத்துக்கு 110-ல இருந்து 160 வரைக்கும் துடிக்கணுமாம். என் பிள்ளைக்கு இறங்கி இறங்கி ஏறுச்சு. அங்கயிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு, கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். அந்த வண்டிக்குள்ள நான் வேண்டாத சாமி இல்ல. ஆபரேஷன் பண்ணி எடுத்தப்போ பனிக்குடத் தண்ணி பச்சையா இருந்துச்சு, பிள்ளை உள்ளயே மலம் கழிச்சிருச்சு. அஞ்சு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்தான். பிழைச்சுட்டான். விடியட்டும்னு நான் தூங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அவன் ஸ்கூலுக்குப் போற ஒவ்வொரு காலையும் நினைக்கிறேன்.

சாதாரணமா எண்ணுறதுன்னா, சாப்பிட்டுட்டு இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுத்து, ரெண்டு மணி நேரத்துக்குள்ள பத்து அசைவு வருதான்னு பாக்கணும். அது நல்லா இருக்குறப்போ செய்யுறது. குறைஞ்ச மாதிரி தோணிருச்சுன்னா எண்ணிக்கிட்டு உக்காராதே, இனிப்பு சாப்பிட்டுப் பார்க்குறேன், தண்ணி குடிச்சுப் பார்க்குறேன்னு நேரத்தைக் கடத்தாதே. கிளம்பு. இந்த ராத்திரியே.

மேலூர்

அசைவு பத்தி அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. என் பங்குக்கு ஒண்ணே ஒண்ணு. எனக்கு 37-வது வாரம், மே மாசம். தலைவலி, கால் வீக்கம், முகம் ஊதிப்போச்சு. வெயில் சூடு, நுங்கும் இளநியும் குடின்னாங்க, குடிச்சேன். ரெண்டாம் நாள் கண்ணு முன்னால பளிச் பளிச்னு மின்னுச்சு, நெஞ்சுக்குழி வலிச்சது. போய்ப் பார்த்தா பிரஷர் 160-க்கு 110. 140-க்கு 90 வந்தாலே விடக் கூடாதாம். வலிப்பு வராம இருக்க மக்னீசியம் ஊசி போட்டு, அன்னைக்கே வலி வர வச்சாங்க. நம்ம ஊரு வெயில்ல எல்லாத்தையும் சூட்டு மேல போட்டுறோம். தலைவலியும் கண்ணு மங்குறதும் சேர்ந்து வந்தா அது சூடு இல்ல. விளக்கெண்ணெய் குடிச்சா வலி வரும்னு யாராவது சொன்னா அதையும் கேக்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச பொண்ணு குடிச்சு, வயித்தாலே போயி, பெறுறதுக்குத் தெம்பில்லாம கிடந்தா.

கடச்சனேந்தல்

தங்கச்சி, அவ்வளவு நீளமா எழுதுன நான் உன்னோட அந்த ஒரு வரியைக் கவனிக்காம விட்டுட்டேன். மன்னிச்சுரு. உசிலம்பட்டி அக்கா சொன்னதைக் கேளு. பையை எடுத்துக்கிட்டே போ. திருப்பி அனுப்புனா அனுப்பட்டும். பதில் போடு.

வில்லாபுரம்

அக்கா, ஆட்டோவுல இருக்கேன். அம்மா கூட வர்றாங்க. எப்பத்துல இருந்து குறைஞ்சதுன்னு யோசிச்சா நேத்து மத்தியானத்துல இருந்துன்னு தோணுது. கை நடுங்குது.

வில்லாபுரம்

வயித்துல பெல்ட் கட்டியிருக்காங்க. 142, 138, 145-ன்னு மாறிக்கிட்டே இருக்கு. சத்தமா கேக்குது, குதிரை ஓடுற மாதிரி. தண்ணி அளவு கொஞ்சம் கம்மியா இருக்கு, இங்கயே இருங்க, காலையில மருந்து வச்சு ஆரம்பிக்கலாம்னு சொல்லிட்டாங்க. அம்மா வெளிய போய் அப்பாவுக்குப் போன் பண்ணிக்கிட்டிருக்காங்க. இப்பத்தான் ஒரு தடவை புரண்டுச்சு அக்கா. அந்தச் சத்தத்துலயும் சர்ருன்னு கேட்டுச்சு.